கொல்லைப்புற அக்வாபோனிக்ஸ் தொட்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் தொட்டித் தண்ணீரைச் செடிக்குப் பாய்ச்சி, அது வடிந்து மீனுக்கே திரும்பி வரும்படி இரண்டையும் சேர்த்து வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். என்னிடம் இருப்பது 1000 லிட்டர் பிடிக்கும் ஒரு ஐபிசி டேங்க் (இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் சதுரப் பிளாஸ்டிக் தொட்டி), அதன் மேல் இரண்டு ஜல்லிப் படுக்கை, உள்ளே ஜிலேபி மீன், படுக்கையில் கீரை, புதினா, தக்காளி. வந்து பார்க்கிறவர்கள் முதலில் செடியைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள், கிளம்பும்போது வாசலில் நின்று "காற்று மட்டும் எவ்வளவு விடணும்னு சொல்லுங்க" என்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த 1000 லிட்டர் தொட்டியை வைத்துச் சொன்னவை. உங்கள் தொட்டி சிறிதோ பெரிதோ, கணக்கு போடும் வழி ஒன்றுதான்.

என் தொட்டி 1000 லிட்டர். எத்தனை லிட்டர் காற்று தரும் மோட்டார் வாங்கட்டும்?

தொட்டியின் அளவை மட்டும் சொன்னால் பதில் சொல்ல முடியாது. உள்ளே எத்தனை கிலோ மீன் இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் போடுகிறீர்கள்? மூச்சு விடுவது மீனும், அதன் கழிவைத் தின்னும் பாக்டீரியாவும்தான், தண்ணீர் இல்லை. 5000 லிட்டர் தொட்டியில் 5 கிலோ மீன் என்றால் சின்ன மோட்டார் போதும், 500 லிட்டரில் 20 கிலோவை அடைத்து வைத்தால் பெரிய மோட்டாரும் திணறும்.

சரி, ஒரு எண் வேண்டும் என்றால்: 10 கிலோ மீன், தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் காற்று, காற்றுக் கல்லிலிருந்து (டியூப் முனையில் மாட்டித் தண்ணீருக்குள் போடும், காற்றைக் குமிழியாக்கும் நுண்துளைக் கல்) வெளியே வர வேண்டும். மே மாதத்துக்கு 25. இது தண்ணீருக்கு அடியில் வெளியே வரும் அளவு, டப்பாவில் அச்சடித்திருக்கும் அளவு வேறு. அதனால் கடையில் கேட்கும்போது 45, 50 லிட்டர் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். (மீன் கடையில் ஏர் பம்ப் என்றால் சில பேர் விழிப்பார்கள், ஆக்ஸிஜன் மோட்டார் என்றால் உடனே எடுத்து வைப்பார்கள்.)

இந்த 15, 20 எல்லாம் எங்கிருந்து வருகிறது?

கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வயிறு நிறையத் தின்ற ஜிலேபி 28 டிகிரி தண்ணீரில் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் ஆக்ஸிஜன் எடுக்கும். 10 கிலோவுக்கு 3 கிராம். அடுத்தது பாக்டீரியா. மீன் விடும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற, அதிலுள்ள ஒவ்வொரு கிராம் நைட்ரஜனுக்கும் கிட்டத்தட்ட 4.6 கிராம் ஆக்ஸிஜன் செலவாகிறது. அது போக, அடியில் தங்கும் எச்சமும் தின்னாத தீவனமும் அழுகும்போது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 100 முதல் 150 கிராம் தீவனம் போடும் தொட்டியில் இந்த இரண்டும் சேர்ந்து மணிக்கு 2 கிராம் வரை போகலாம். ஆக மொத்தச் செலவு மணிக்கு 5 கிராம்.

இனி வரவு. நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று விட்டால் மணிக்கு 60 லிட்டர், அதில் உள்ள ஆக்ஸிஜன் சுமார் 16 கிராம். அடடா, 5 கிராம்தானே வேண்டும், அரை லிட்டர் போதுமே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். குமிழி அடியிலிருந்து மேலே வர இரண்டு மூன்று வினாடிதான் ஆகிறது, அதற்குள் கரைவது மிகச் சொற்பம். முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில், தண்ணீரில் ஏற்கெனவே லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கும் நிலையில், சாதாரணக் கல் வைத்து 2 சதவீதம் கரைந்தால் சந்தோஷப்படலாம். மீதி எல்லாம் மேலே வந்து உடைந்து வானத்துக்குப் போகிறது. 16 கிராமில் 2 சதவீதம் என்றால் 0.3 கிராம். 5 கிராம் வேண்டுமானால் நிமிடத்துக்கு 16, 17 லிட்டர். அந்த எண் இப்படித்தான் வந்தது. கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

1000 லிட்டருக்கு 5 முதல் 8 லிட்டர் காற்று போதும் என்று பல இடங்களில் சொல்கிறார்களே?

அதுவும் தப்பில்லை. மீன் குறைவாக இருந்து, தண்ணீரும் நாள் முழுக்கப் படுக்கைக்குப் போய் மேலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும் தொட்டிக்கு அது சரிப்படும். 5 கிலோ மீனுக்கு நானே அதைத்தான் சொல்வேன். அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு வந்து 15 கிலோ மீனை அதே தொட்டியில் வளர்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அதுவும் உடனே இல்லை, ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டு ஏழாவது மாதம் ஒரு விடிகாலையில்.

நான் இப்போதுதான் குஞ்சு விட்டிருக்கிறேன். இப்போதே பெரிய மோட்டார் எதற்கு?

10 கிராம் குஞ்சு 30 விட்டால் மொத்தம் 300 கிராம். அதே 30 மீன் தலா 400 கிராம் ஆனால் 12 கிலோ. குஞ்சுகள் தங்கள் எடைக்குப் பெரிய மீனைவிட அதிகமாக மூச்சு விடும் என்பது உண்மைதான், இருந்தாலும் தேவை இருபது மடங்கு ஏறப்போகிறது. இடையில் எந்த நாளில் மோட்டார் பற்றாமல் போனது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் அறுவடை நாளின் எடையை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

வாங்கிய பெரிய மோட்டாரின் காற்றைக் குறைக்க வால்வைத் திருகி அடைத்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி, சூடாகி, காற்றைத் தள்ளும் ரப்பர் டயாஃப்ரம் சீக்கிரம் கிழியும். ஒரு டி-ஜாயிண்ட் போட்டு, மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஜல்லிப் படுக்கைக்குக் கீழே உள்ள சம்ப் தொட்டிக்குத் திருப்பி விடுங்கள்.

தண்ணீர் மேலிருந்து கொட்டுகிறதே, அதுவே காற்று ஏற்றிவிடாதா?

ஏற்றும், நிறையவே ஏற்றும். மணிக்கு 1000 லிட்டர் சுற்றும் பம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் 5 மில்லிகிராமாக இருக்கும் தண்ணீர் கொட்டி விழும்போது 7 மில்லிகிராமாகத் திரும்பினால் மணிக்கு 2 கிராம் ஆக்ஸிஜன் வரவு, மேலே போட்ட செலவில் ஐந்தில் இரண்டு பங்கு. பைப் முனையில் ஓட்டை போட்ட மூடி மாட்டி மழை போல விழ வைத்தால் இந்த வரவு இன்னும் கூடும். ஒரே தாரையாக, அதுவும் பைப் முனை தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும்படி விட்டால் கிட்டத்தட்ட ஒன்றும் ஏறாது. இதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன், சத்தம் வருகிறது என்று பைப்பை உள்ளே இறக்கி விட்டிருப்பார்கள்.

ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. தண்ணீர் பம்பின் வாயில் ஒரு இலை அடைத்தால் கதை முடிந்தது. காற்று மோட்டார் ஒன்று, தண்ணீர் பம்ப் ஒன்று, இரண்டும் தனித்தனி ப்ளக்கில். ஒன்று நின்றாலும் இன்னொன்று விடியும்வரை தாக்குப்பிடிக்கும். தண்ணீர் கொட்டித் தரும் ஆக்ஸிஜனைக் காற்றுக் கணக்கில் கழிக்காமல், அதை ஆபத்துக்கு வைத்த பணம் போல வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கோடையில் எவ்வளவு கூட்ட வேண்டும்?

இரண்டு பக்கமும் அடி விழும் காலம் அது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்ஸிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை நிற்கும், 28-ல் 7.8, 32-ல் 7.3. அதே நேரத்தில் மீன் வேகமாக மூச்சு விடும். 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பு. நாம் 5 மில்லிகிராமைக் காப்பாற்ற வேண்டும் என்றால், 28 டிகிரியில் உச்சத்துக்கும் நம் இலக்குக்கும் இடைவெளி 2.8, 32-ல் வெறும் 2.3. காற்று உள்ளே கரையும் வேகம் இந்த இடைவெளியைப் பொறுத்தது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 28 டிகிரியில் 16 லிட்டரில் ஓடிய தொட்டிக்கு 32 டிகிரியில் 25 வேண்டும்.

மோட்டாரைக் கூட்டுவதற்கு முன் தண்ணீரைக் குளிர வைக்க முடியுமா பாருங்கள், அதுதான் மலிவு. பச்சை வலை கட்டலாம், தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை அடிக்கலாம், ஈரச்சாக்கு போர்த்தலாம். கறுப்பு நிற டேங்கை மொட்டை மாடியில் வெயிலில் வைத்துவிட்டு இரண்டாவது மோட்டார் வாங்குவது எரிகிற அடுப்பில் பானையை வைத்துக்கொண்டு விசிறுவது மாதிரி.

மலையில் இருப்பவர்கள், எங்களுக்குக் குளிர்தானே, இந்தக் கவலை இல்லை என்பார்கள். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறைகிறது, கரையும் ஆக்ஸிஜனும் குறைகிறது. சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 18 டிகிரி தண்ணீரில் நிற்கும் ஆக்ஸிஜன், சென்னையில் 32 டிகிரி தண்ணீரில் நிற்பதற்குக் கிட்டத்தட்ட சமம். நல்லவேளை, அந்தக் குளிரில் மீன் மெதுவாக மூச்சு விடுகிறது.

5 மில்லிகிராம்தான் இலக்கா? 7 வைத்தால் இன்னும் நல்லதுதானே?

நல்லதுதான், செலவைப் பாருங்கள். 28 டிகிரியில் 5-ஐக் காக்கும்போது இடைவெளி 2.8. 7-ஐக் காக்க நினைத்தால் இடைவெளி 0.8 ஆகிவிடும், அதாவது அதே மீனுக்கு மூன்றரை மடங்கு காற்று. ஜிலேபிக்கு அது வீண். 5-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் மீன் நன்றாகத் தின்னும், பாக்டீரியாவும் வேலை செய்யும். 3-க்குக் கீழே போனால் தீவனம் வீணாகும். 2-க்குக் கீழே பாக்டீரியாவும் மந்தமாகி, அம்மோனியா ஏறத் தொடங்கும், அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரச்சினைதான்.

ராத்திரி மட்டும் நிறுத்தி வைக்கலாமா? டைமர் போடலாமா?

ராத்திரி நிறுத்தவே கூடாது. இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள், சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று. தொட்டித் தண்ணீரில் பச்சைப் பாசி இருந்தால் பகலில் அதுவே ஆக்ஸிஜன் தரும், இருட்டிய பிறகு அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு விடத் தொடங்கும். விடிகாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில்தான் ஆக்ஸிஜன் அடிமட்டத்தில் இருக்கும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் பகல் 12 மணிக்கு நிறுத்துங்கள், அதுவும் மீன் குறைவாக இருந்தால். என்னைக் கேட்டால் டைமர் வாங்கும் காசுக்கு இரண்டு நல்ல கல் வாங்கலாம்.

இதோடு சேர்த்து ஒன்று: சாயங்காலம் இருட்டும் நேரத்தில் தீவனம் போடாதீர்கள். தின்ற பிறகு சில மணி நேரம் மீனின் ஆக்ஸிஜன் தேவை ஏறும், அது ராத்திரியில் போய் விழும். கடைசித் தீவனம் 4 மணிக்கு முன்னால்.

மீட்டர் இல்லாமல் ஆக்ஸிஜன் குறைவை எப்படிக் கண்டுபிடிப்பது?

விடிகாலையில் எழுந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தால், அல்லது தண்ணீர் கொட்டும் இடத்திலேயே கூட்டமாக நின்றால் காற்று போதவில்லை. தொட்டியில் நத்தை இருந்தால் அதுவும் சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏறியிருக்கும். பெரிய மீன்தான் முதலில் தவிக்கும்.

மேலே வந்து வாய் பிளப்பது எல்லாமே காற்றுக் குறைவால் இல்லை. விடிகாலையில் மட்டும் வந்துவிட்டு எட்டு மணிக்குச் சரியாகிவிட்டால் அது ஆக்ஸிஜன். நாள் முழுக்க, நன்றாகக் காற்று ஓடும்போதும் மேலேயே நின்றால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துப் பாருங்கள். நைட்ரைட் ஏறினால் செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரியும். அந்த நிலையில் எத்தனை மோட்டார் வைத்தாலும் அது மட்டும் மீனைக் காப்பாற்றாது.

மீட்டர் விலை அதிகம். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட் மலிவு, வீட்டுத் தொட்டிக்கு அது போதும். சோதனையைப் பகல் 11 மணிக்குச் செய்துவிட்டு 7 இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள், விடிகாலை 5 மணிக்குச் செய்யுங்கள்.

விரால் வெளிக்காற்றைச் சுவாசிக்கும் மீன்தானே, அதற்கும் மோட்டார் வேண்டுமா?

விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும், மேலே வரவே விடாவிட்டால் நல்ல தண்ணீரிலும் செத்துப்போகும். நாட்டுக் கெளுத்தியும் அப்படி வெளிக்காற்றைச் சமாளித்துக்கொள்ளும் வகை. ஆனால் ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் செடி வேருக்கும் அந்த வசதி இல்லையே. விராலை நம்பிக் காற்றை நிறுத்தினால் மீன் பிழைக்கும், அம்மோனியா ஏறும், ஒரு வாரத்தில் விராலும் தின்னாமல் நிற்கும். மீனுக்கான பங்கைக் குறைத்துக்கொள்ளலாம், பாக்டீரியா பங்கைக் குறைக்க முடியாது. கட்லா, ரோகு, கோய் வைப்பவர்கள் ஜிலேபிக் கணக்கைவிடக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். கொடுவா என்றால் இன்னும் தாராளமாக, அது காற்றுக் குறைவைத் தாங்காது.

(ஜிலேபி வளர்க்க மீன்வளத்துறையிடம் பதிவு, அனுமதி விஷயத்தை முதலில் கேட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன், யாராவது குஞ்சு தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.)

காற்று அதிகமானால் மீனுக்குக் கெடுதலா?

ஒரு மீட்டர் ஆழத்தில் சாதாரணக் கல்லில் காற்று விடுவதால் மீனுக்கு நோய் வராது. தண்ணீர் கொதிப்பது போல் புரண்டால் வேறு தொல்லைகள் உண்டு. எச்சம் உடைந்து தூளாகிக் கலங்கும், வடிகட்டியில் சிக்காது. மிதக்கும் தீவனம் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போகும். மீன் எதிர்நீச்சல் போட்டே தின்றதைச் செலவழிக்கும். தண்ணீரும் சீக்கிரம் ஆவியாகும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் எங்காவது கசிவு இருந்து, காற்று உள்ளே போய் அழுத்தத்தில் கரைந்தால், மீனின் கண்ணிலும் துடுப்பிலும் சின்னக் குமிழிகள் தெரியும். அதற்குக் காற்றுக் கல்லைக் குறை சொல்லக்கூடாது, பம்ப் ஜாயிண்டைப் பாருங்கள்.

எந்தக் கல் நல்லது, எங்கே வைப்பது?

குமிழி சின்னதாக இருந்தால் நன்றாகக் கரையும், ஆனால் அந்தக் கல் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மோட்டாரும் அதிகம் தள்ள வேண்டும். நீல நிற மணல் கல் மலிவு, சில மாதத்தில் உதிரும். பயோஃப்ளாக் (கழிவை மிதக்கும் நுண்ணுயிர்த் திரளாக மாற்றி மீன் வளர்க்கும் முறை) தொட்டிக்காரர்கள் போடும் நானோ டியூப்பை (உடம்பெல்லாம் நுண்துளை உள்ள ரப்பர் குழாய்) ஒரு அடி, ஒன்றரை அடி வெட்டி வளையமாக்கிப் போட்டால் எனக்கு நன்றாக உழைக்கிறது.

ஒரே பெரிய கல்லைவிட நாலு சின்னக் கல். ஒன்று அடைத்தாலும் மூன்று ஓடும். கரீபியனில் வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி குழுவினர் நடத்திய அக்வாபோனிக்ஸ் பண்ணையில் 7800 லிட்டர் மீன் தொட்டி ஒவ்வொன்றிலும் 22 கல் வைத்திருந்தார்கள். அது ஆயிரம் லிட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் மீன் எடுத்த இடம், நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு இடத்தில் கொட்டாமல் பரப்பி விட வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடியோடு ஒட்டி வைக்காதீர்கள், அடியில் தங்கும் எச்சத்தைக் கிளறிவிடும். ஒரு கை அகலம் மேலே நிற்கட்டும். கழிவு வெளியேறும் பைப்பின் வாயருகே வேண்டாம். அடைத்த கல்லை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் தேய்த்தால் போர் தண்ணீரின் உப்புப் படிவம் கரைந்துவிடும். அதன் பிறகும் குமிழி வராத கல்லைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பத்து ரூபாய்க் கல்லுக்காக மோட்டாரைச் சாகடிக்க வேண்டாம்.

டப்பாவில் 60 லிட்டர் என்று இருக்கிறது, ஆனால் குமிழி பெரிதாக வரவில்லையே?

அந்த 60 என்பது டியூப், கல், தண்ணீர் எதுவும் இல்லாமல் வெறும் வாயிலிருந்து வரும் காற்று. பக்கத்திலேயே அழுத்தமும் போட்டிருப்பார்கள்: 0.02 எம்பிஏ (MPa, மெகாபாஸ்கல்) என்றால் சுமார் 2 மீட்டர் ஆழத் தண்ணீரின் எடை, அந்த ஆழத்தில் காற்று அநேகமாக நின்றே போகும். 80 செண்டிமீட்டரில் கல் வைத்து, மெல்லிய டியூப் வழியாக விட்டால் பாதி வந்தால் சரி. சந்தேகமாக இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குள்ளேயே கவிழ்த்துப் பிடித்து, கல்லிலிருந்து வரும் குமிழியை அதில் பிடியுங்கள். 12 வினாடியில் நிரம்பினால் அந்தக் கல் நிமிடத்துக்கு 5 லிட்டர் தருகிறது. எல்லாக் கல்லுக்கும் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத மீட்டர் இது.

செடிக்கும் தனியாகக் காற்று வேண்டுமா?

ஜல்லிப் படுக்கையில் பெல் சைஃபன் (தண்ணீர் குறித்த மட்டத்துக்கு ஏறியதும் தானாக வடித்துவிடும் குழாய்) வைத்து, தண்ணீர் நிரம்பி வடிகிற மாதிரி இருந்தால் வேண்டாம், வடியும்போது காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். தெர்மாக்கோல் பலகையை மிதக்கவிட்டு, வேர் நாள் முழுக்கத் தண்ணீரிலேயே தொங்கும் முறை என்றால் கட்டாயம் வேண்டும். பலகை மூடியிருப்பதால் மேலிருந்தும் காற்று போகாது. வேர் வெள்ளையாக இருந்தது பழுப்பாகி, வழவழத்து, நாற்றம் வந்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

காற்று விடத் தொடங்கியதும் பிஎச் ஏறுகிறது. ஏன்?

போர் தண்ணீரில் கார்பன் டை ஆக்ஸைடு நிறையக் கரைந்திருக்கும். காற்று அதை வெளியே துரத்துகிறது, அதனால் 7 இருந்த பிஎச் மறுநாள் 8-ஐத் தொடலாம். அது காற்றின் கோளாறு இல்லை, உங்கள் தண்ணீரின் உண்மையான பிஎச் அதுதான். புதுத் தண்ணீரை ஒரு நாள் தனியாகக் காற்று விட்டு வைத்து, அப்புறம் அளந்து பாருங்கள். பிஎச் ஏறினால் அதே அளவு அம்மோனியா அதிக விஷமாகும் என்பதால், இதை மீன் இருக்கும் தொட்டியில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான்.

1000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் என்றால் மொத்தமே 6 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரையைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை, அவ்வளவுதான் கையிருப்பு. 2 மில்லிகிராம்வரை இறங்க விடலாம் என்றால் செலவழிக்கக் கிடைப்பது 4 கிராம். மணிக்கு 5 கிராம் செலவாகும் தொட்டியில் அது 48 நிமிடம். மேற்பரப்பு வழியாகக் கொஞ்சம் கரையும், மீனும் அசையாமல் நின்று சமாளிக்கும், ஜிலேபி மேல்தண்ணீரை உறிஞ்சி இன்னும் கொஞ்ச நேரம் பிழைக்கும். இருந்தாலும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

எனக்குக் கரண்ட் கூடப் போகவில்லை. முதல் வருஷம் மே மாதம், மோட்டார் வாயில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் டியூப் சூட்டில் இளகி, ராத்திரி எப்போதோ கழன்றிருக்கிறது. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் கேட்டதால் நானும் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் 23 மீன், எல்லாம் பெரியவை, வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. இப்போது மோட்டாரின் வாயில் அரை அடி இரும்புப் பைப், அதற்கு மேல்தான் டியூப், கூடவே ஒரு கிளிப்.

மாற்று ஏற்பாடு பற்றி. வீட்டில் 150 ஏஎச் பேட்டரியுள்ள இன்வெர்ட்டர் இருந்தால் 35 வாட் மோட்டாரை மட்டும் அதில் மாட்டுங்கள், வேறு சுமை இல்லாவிட்டால் 20 மணி நேரம் பக்கம் ஓடும். தண்ணீர் பம்பையும் சேர்த்து மாட்டினால் பாதியாகிவிடும், அது நிற்கட்டும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் 12 வோல்ட்டில் ஓடும் 5 வாட் குட்டி மோட்டாரும் 7 ஏஎச் பேட்டரியும் வாங்கி வையுங்கள், ஏழெட்டு மணி நேரம் ஒப்பேற்றலாம்; அது தரும் காற்று 10 கிலோ மீனை வளர்க்காது, சாகாமல் வைத்திருக்கும். ஆனால் 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னையிலும், 2018 நவம்பரில் கஜாவின்போது டெல்டாவிலும் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், எந்த பேட்டரியும் அதற்குப் பற்றாது. புயல் எச்சரிக்கை வந்தால் பெரிய மீனைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டு எடையைப் பாதியாக்கிவிடுவதுதான் நான் செய்வது.

ஒன்றுமே இல்லாமல் கரண்ட் போய்விட்டதா? தீவனத்தை நிறுத்துங்கள். மக்கை எடுத்து மொண்டு, தலைக்கு மேலே தூக்கி ஊற்றுங்கள், கால் மணி ஊற்றிக் கால் மணி ஓய்வு, வீட்டில் ஆள் மாற்றி ஆள். போர் தண்ணீரை நேராக விடுவதில் பிரயோஜனம் குறைவு, நிலத்தடித் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் இருக்கும். விட்டே ஆக வேண்டும் என்றால் பூவாளி வழியாகத் தெளித்து விடுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்திருந்தால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்து மோட்டாருக்குள் போகும், கரண்ட் வந்ததும் அது எரியும். மேலே வைக்க இடமில்லை என்றால் ஒருவழி வால்வு போடுங்கள்.

மாதம் எவ்வளவு கரண்ட் ஆகும்?

35 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் நாளுக்கு 0.84 யூனிட், மாதம் 25. இரண்டு மாத பில்லில் 50 யூனிட்.

பக்கத்து வீட்டில் சத்தம் என்று சொல்கிறார்கள், பெட்டிக்குள் வைத்து மூடலாமா?

மூடினால் சூடாகி டயாஃப்ரம் போய்விடும், சூடான காற்றே தொட்டிக்கும் போகும். பாதிச் சத்தம் மோட்டார் நிற்கும் தரையிலிருந்துதான் வருகிறது. பழைய டயர் துண்டு அல்லது தடித்த ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள், சுவரில் முட்டாமல் பாருங்கள். மழை படாமல் மேலே ஒரு தகடு, நாலு பக்கமும் திறந்து இருக்கட்டும். காற்று உள்ளே போகும் இடத்தில் இருக்கும் சின்ன ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்துப் போட்டால் சத்தமும் குறையும், காற்றும் கூடும். திடீரென்று சத்தம் மாறி கடகடவென்று அடித்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, அந்த ரப்பர் செட்டை முன்கூட்டியே ஒன்று வாங்கி வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.